ஒரு மணிச் சோறு

மருதாக்கா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் கொடுக்க மாட்டார். ரசம் கிடையாது, மோர் கிடையாது, உப்புக்கல்கூடக் கிடையாது. வாழை இலையைக் கையகலம் கிழித்து, அதில் ஒரு கரண்டி வெறும் சோறு. சங்கக் கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் அதைத் தின்றுவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அந்த அரிசி மூட்டை கடைக்குள் இறங்கும்.

யாராவது ஊறுகாய் கேட்டால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "கொழம்பூத்துனா கல்லுங்கூட எறங்கீருமுங்க. வெறுஞ்சோறு எறங்குதான்னு பாக்கத்தான உங்களக் கூப்புட்டது?"

சங்கக் கடையின் முழுப்பெயர் செங்காடு வட்டார நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை. அந்தப் பெயரை ரசீதில் மட்டும்தான் பார்க்கலாம். தலைமைக் கடை பெருமாநல்லூர்ப் பக்கம். சேவூர் போகும் வழியில் ஒரு கிளை. முதலிபாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி இன்னொரு கிளை. அறுபத்து நாலாம் வருடம், கடையில் அரிசி கேட்டால் கையை விரித்த காலத்தில், தறி ஓட்டுகிறவர்களும் தோட்டக்காரர்களுமாக நூற்றுப்பத்துப் பேர் பங்கு போட்டு ஆரம்பித்தார்கள். வாங்கிய முதல் லோடே மோசம் போனது. மேலே இருந்த நாலு மூட்டை நல்ல அரிசி. அடியில் இருந்ததெல்லாம் மக்கல். கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, உலை கொதித்து வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: "இனி எந்த அரிசியும் ஆக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. அங்கத்தினர் மூவர் உண்டு பார்த்துச் சம்மதிக்க வேண்டியது."

அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 2018-லிருந்து ஐந்து வருடம் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசற்படி மிதித்த முதல் ஆள் நான்தான். குழுவிலும் டிகிரி படித்தவன் நான் ஒருவன் என்பதால், கூட்ட அறிவிப்பும் தீர்மானமும் எழுதும் வேலை என் கைக்கு வந்தது. பெருமையாகத்தான் எழுதினேன்.

மருதாக்கா எங்கள் ஊர்க்காரர். சேவூருக்கு மேற்கே இரண்டு மைல். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமாகி வந்ததும் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனார். நாலு வருடம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்து இளைப்பு வந்துவிட்டது. வைத்தியம் பார்த்த டாக்டர், கம்பெனியா உயிரா என்று கேட்டாராம். தொண்ணூற்றொன்பதில் சங்கக் கடைக்குக் கல் பொறுக்க வந்தார். அடுத்த வருடமே அரிசி ஆக்கிப் பார்க்கும் வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது.

ஆக்குவது மட்டும்தான் அவர் வேலை. சம்மதம் சொல்வது அந்த மூன்று பேர். ஆனால் அந்த மூன்று பேரும் வாயில் போட்டுக்கொண்டு முதலில் பார்ப்பது அக்கா முகத்தைத்தான். அக்கா பச்சரிசியோ புழுங்கலோ நாலைக் கடைவாயில் போட்டுக் கடித்தாலே எந்தப் பக்கத்து நெல் என்பது வரைக்கும் சொல்லுவார். ஒரு தடவை புரோக்கர் ஒருவர், "நம்ம அரிசி அக்கா, கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார். "கண்ண மூடிட்டு எடுக்கறதுக்கு இது சாமி பிரசாதமுங்களா?" என்று அக்கா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டார். அந்த ஆள் ஒரு வருடம் இந்தப் பக்கம் வரவில்லை.

இத்தனை இருந்தும் அவர் தினக்கூலிதான். வேலை முதலிபாளையம் கிளையில் பொட்டலம் போடுவது. சாம்பிள் வருகிற நாளில் பஸ் ஏறித் தலைமைக் கடைக்கு வந்து சோறாக்கிவிட்டுப் போவார்.

2022 ஆவணியில் அந்தக் கிளைக்கு ஆபத்து வந்தது. மாதம் நாற்பது மூட்டை அரிசி விற்ற கடையில் பதினொன்றுதான் விற்றது. பருப்பு போகிறது, எண்ணெய் போகிறது, வடக்கத்திப் பையன்கள் வந்து ஆட்டா மாவு வாங்குகிறார்கள். அரிசி மட்டும் அடுக்கியபடி நிற்கிறது. அரிசி போகாத கிளைக்கு வாடகை கட்ட முடியாது, மூடிவிடலாம் என்று தலைவர் ரத்தினசாமி கூட்டத்தில் சொன்னார். கிளை போனால் அக்காவுக்கு வேலையும் போகும். தலைமைக் கடையில் பொட்டலம் போட ஏற்கெனவே ஆள் இருந்தது.

அதைக்கூட அக்கா தாங்கியிருப்பார். அடுத்து தலைவர் சொன்னதுதான் தைத்தது.

"மருதா, உன்ற நாக்கு செத்துப்போச்சு. நீ தலையாட்டுன அரிசிதான் அங்க தேங்கிக் கெடக்குது."

அன்றைக்குச் சோறாக்க வந்திருந்த அக்கா, கூட்டத்துத் தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றார். "நானொருத்தி மட்டுமாங்க தின்னேன்? மூணு பேரு தின்னீங்கல்லொ."

"நெம்ப நல்லா இருந்துச்சேங்க அந்தச் சோறு" என்றார் அப்புசாமி. குழுவில் மூத்தவர். சோறு பார்க்க எப்போது கூப்பிட்டாலும் முதல் ஆளாக வருவார்; இருபது வருடத்தில் ஓர் அரிசியையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"உங்களுக்கு மண்ண ஆக்கிப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைத் தின்று சம்மதித்த மூன்று பேர் தலைவரும் அப்புசாமியும் நானும்தான். எனக்கும் அந்தச் சோறு நன்றாகத்தான் இருந்தது.

செயலாளர் மோகன்ராஜ் நடுவில் விழுந்து, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். பதினைந்து நாள்.

அக்கா முதல் நாலு நாள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிற பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஊர்லேருந்து வந்துருச்சுக்கா" என்றாள் ஒருத்தி. "இப்பத்தான் வாங்குனேன்" என்றாள் இன்னொருத்தி. அவள் பையில் எதிர்க்கடை அரிசி துருத்திக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கினார்கள்.

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா லைன் வீட்டுக்கே போனார். பத்து வீடு வரிசையாக, பத்துக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியடியில் நதியா துணி துவைத்துக்கொண்டிருந்தார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து ஒன்பது வருடம். கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். ஒரு காலத்தில் மாதம் ஒரு சிப்பம் அரிசி நம் கிளையில் வாங்கியவர்.

"ஏக்கா, கடையத் தூக்கிக்கிட்டு 'ஊட்டுக்கே' வந்துட்டீகளா?" என்று அக்காவின் பேச்சையே திருப்பிப் பேசிக் கேலி செய்தார்.

அக்கா கல்லில் உட்கார்ந்தார். "உள்ளதச் சொல்லு அம்மிணி. எங்க அரிசிக்கு என்ன கேடு?"

"சொன்னா வருத்தப்படுவீக."

"இன்னும் பத்து நாள்ல கடைய மூடறாங்க. என்ற வேலையும் போவுது. இதுக்கு மேல என்ன வருத்தம்?"

நதியா சோப்புக் கையை உதறினார். "அது சோறு இல்லக்கா, பசை. மத்தியானம் டப்பாவக் கவுத்தா ஒரே கட்டியா விழுகும். போன மாசம் எங்க டேபிள்ல ஒருத்தி பாத்துட்டு, 'கட்டிங் மாஸ்டரக் கூப்புடவா, பீஸ் போட்டுத் தருவாரு'ன்னு கேக்குறா. அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாளுக. வேர்த்து ஒரு வாடை வேற. பாதிய நாய்க்குப் போட்டுட்டு டீயக் குடிச்சேன்."

"நான் ஆக்கறப்ப பூவாட்ட இருந்துச்சே கண்ணு!"

"ஆக்கி எப்பத் தின்னீக?"

"வடிச்ச ஒடனே."

"சரியாப் போச்சு. இங்க யாருக்கா வடிக்கிறா? காலையில அஞ்சு மணிக்குக் குக்கர்ல மூணு விசிலு. ஆறரைக்கு டப்பால அடைச்சு மூடிருவோம். திங்கிறது ஒரு மணிக்கு. அதுவரைக்கும் டப்பா அயர்ன் மேசைக்கு அடியில, அந்தச் சூட்டுல கெடக்கும்." நதியா ஒரு சட்டையை எடுத்துப் பிழிந்தார். "எங்க கம்பெனியில ஒரு பனியன் அனுப்பணும்னா, அதத் துவைச்சு, காயப்போட்டு, சுருங்குதா, சாயம் போகுதான்னு பாத்துட்டுத்தான் அனுப்புவாக. நீங்க என்னடான்னா துவைக்காமலே பாத்துட்டு நல்லாருக்குங்கிறீக."

இதெல்லாம் நதியா பிற்பாடு என்னிடம் சொன்னது. அதற்கு அக்கா, "உன்ற குக்கரு எத்தன லிட்டரு அம்மிணி?" என்று மட்டும் கேட்டாராம்.

யோசித்துப் பார்த்தால், இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு. அந்தத் தீர்மானம் எழுதியவர்கள் தோட்டத்திலும் தறிக்குழியிலும் இருந்தவர்கள். மதியம் வீட்டுக்கு வந்து சுடுசோறு தின்றவர்கள். அவர்களுக்குப் பிறகு சோறு பார்க்க வந்த நாங்களும் அப்படித்தான். தலைவருக்கு வீடு கடைக்குப் பின்னால். அப்புசாமி சாப்பிட உட்கார்வதற்குப் பத்து நிமிடம் முன் மருமகள் வடித்து வைப்பார். எனக்குக் கம்பெனியில் கேண்டீன். அரிசி வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் டப்பா தூக்குகிறவர்களாக மாறி இருபது வருடம் ஆயிற்று. அதில் ஒருத்தரைக்கூட நாங்கள் சோறு பார்க்கக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் விடியக்காலை அக்கா மருமகள் சித்ரகலாவின் குக்கரை வாங்கி இரண்டு தடவை ஏற்றினார். முதலில் கிளையில் தேங்கிக் கிடந்த அரிசி, அறுத்து மூன்று மாதம்கூட ஆகாத புது அரிசி; முன்பெல்லாம் வந்தது கொஞ்சம் பழசானது. அடுத்தது வேறொரு மில்லிலிருந்து கேட்டு வாங்கிய பழைய அரிசி, ஒரு வருடம் இருப்பில் கிடந்தது. சுடச்சுட வாயில் போட்டபோது புது அரிசிதான் மணந்தது, இனித்தது. பழையது சப்பென்று இருந்தது. இரண்டையும் டப்பாவில் அடைத்து, கிளைக்குப் பக்கத்து ஜாப் ஒர்க் யூனிட்டில் சொல்லி அயர்ன் மேசைக்கு அடியில் வைத்தார். ஒரு மணிக்கு எடுத்துத் திறந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சாமி, கூட்ட நோட்டீசு நீதான எழுதறே? இந்தத் தடவ பதினோரு மணிக்கு வேண்டாம். ஒரு மணின்னு போடு. எடமும் முதலிபாளையம் கடைன்னு போட்டுரு."

"தலைவர் சத்தம் போடுவாருங்க்கா."

"போடட்டும். பசி நேரத்துல சத்தம் கொஞ்சமாத்தான் வரும்."

நோட்டீஸ் போன மறுநாளே தலைவர் போன் செய்தார். "ஏப்பா, படிச்சவன்தான நீ? எவனாச்சும் சோத்து நேரத்துல கூட்டம் வெப்பானா?" அக்கா சொல்லித்தான் போட்டேன் என்றேன். "கடைசியா ஒருக்கா அழுது பாக்கறாளாட்ட இருக்குது. செரி, போலாம்" என்று வைத்துவிட்டார்.

அக்கா அழவில்லை. கூட்டத்துக்கு வந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவும் தட்டும் முன்னால் வைத்தார். தண்ணீர் ஊற்றி வைத்தார். கிளையில் மின்விசிறி ஒன்றுதான். அது தலைவர் பக்கம் சுற்றியது.

"என்ன மருதா, விருந்தா?"

"ஆமாங்க. கவுத்துங்க."

தலைவர் டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார். சோறு டப்பாவின் வடிவத்திலேயே நின்றது. மேலே வேர்வை முத்து முத்தாக இருந்தது. விரலால் குத்தினார். குழி விழுந்தது, உதிரவில்லை.

"என்னதிது, கொழுக்கட்டையா?"

"நீங்க மூணு பேரும் எடுக்கலாம்னு சொன்ன அரிசிங்க. காத்தால அஞ்சு மணிக்குக் குக்கர்ல வெச்சு, ஆறரைக்கு மூடுனது. நம்மகிட்ட வாங்கறவங்க ஒரு மணிக்கு இதத்தானுங்க திங்கறாங்க. நீங்களும் ஒரு வாய் தின்னு பாருங்."

யாரும் கை வைக்கவில்லை. அப்புசாமிதான் முதலில் ஒரு கட்டி பிய்த்து வாயில் போட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆகாதுங்க" என்றார்.

மோகன்ராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவருக்கும் உதடு கோணியது. அதற்குள் அக்கா இரண்டாவது சுற்று டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். பழைய அரிசி. கவிழ்த்ததும் பொலபொலவென்று பரவியது. ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான். வாடை இல்லை. பசி நேரம், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமலே தலைவர் நாலு வாய் தின்றார்.

"அரிசி நல்ல அரிசிதான்" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "ஆனா பழசு வெலை கூடப் போவும். இங்க வர்றவங்க வாங்குவாங்களா?"

"பாதி நாயிக்கு, பாதி தனக்குன்னு வாங்கறதுக்கு இது மலிவுங்க" என்றார் அக்கா.

தலைவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் அவர் வாயில் வரவில்லை. வருகிற ஆளும் இல்லை. என் பக்கம் திரும்பி, "எழுதுப்பா" என்றார்.

கிளைக்கு மூன்று மாதம் அவகாசம். பழைய அரிசி இருபது மூட்டை எடுப்பது. இனிமேல் சாம்பிள் அரிசியைக் குக்கரில் வைத்து, டப்பாவில் அடைத்து, மதியம் ஒரு மணிக்குத் தின்று பார்ப்பது. இவ்வளவும் எழுதிய பிறகு அக்கா கதவோரத்திலிருந்து, "மூணு பேருல ஒருத்தராச்சும் டப்பா கட்டறவங்களா இருக்கோணுமுங்க" என்றார். குழுக் கூட்டத்தில் தினக்கூலி ஆள் பேசுவது வழக்கம் இல்லை. தலைவர் ஒரு நிமிடம் பேனாவை உருட்டினார். "அதையும் எழுது."

நதியாவை அங்கத்தினராகச் சேர்த்தோம். ஆனால் சோறு பார்க்கக் கூப்பிட்டபோது அவர் வர மறுத்துவிட்டார்.

"எனக்கு லஞ்சே அரை மணி நேரந்தான் சார். கேட்டத் தாண்டிக் கடைக்கு வந்துட்டுத் திரும்புறதுக்குள்ள பெல் அடிச்சிரும். லேட்டானா அரை நாள் போயிரும். உங்க சோத்துக்காக என் சோத்த விட முடியுமா?"

"அப்ப நாம போலாமுங்க" என்றார் அக்கா. தலைவர் பல்லைக் கடித்தார். "சங்கத் தலைவரு போயி கம்பெனி கேட்டுல உக்காந்து சோறு திங்கறதா?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள், எத்தனை மணிக்கு வண்டி எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார்.

மூன்று மாதம் முடிந்தபோது கிளையில் மாதம் முப்பத்திரண்டு மூட்டை போனது. நாற்பது வரவில்லை, எதிர்க்கடைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. ஆனால் மூடுகிற பேச்சு நின்றுவிட்டது. அக்கா இன்றைக்கும் அங்கேதான் பொட்டலம் போடுகிறார். இன்றைக்கும் தினக்கூலிதான்; நிரந்தரம் கேட்டு நான் எழுதிய தீர்மானம் மேலே போய் எந்த மேசையிலோ கிடக்கிறது.

கடைசியாக நான் போன தடவையைச் சொல்கிறேன். தை மாதம், ஒரு வியாழக்கிழமை. ஒரு மில்லிலிருந்து புதிதாக அரிசி வந்திருந்தது. கடை வாசலில் லாரி லோடோடு நின்றது. அக்கா காலையில் சுடச்சுட ஒரு வாயும், கிளம்புமுன் டப்பாவிலிருந்து ஒரு வாயும் தின்று பார்த்துவிட்டு, "எடுக்கலாம்னுதான் தோணுது சாமி" என்று என்னிடம் சொல்லியிருந்தார். கம்பெனிச் சுவரோர நிழலில் காலி அட்டைப்பெட்டிகளை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். வெள்ளைச் சட்டை கசங்காமல் தலைவர், அவர் பக்கத்தில் அப்புசாமி, எதிரே நதியாவும் அவர் டேபிள் பெண்கள் நாலைந்து பேரும். டப்பாக்கள் திறந்தன.

தலைவர் தின்றார். "நல்லாத்தான இருக்குது?"

அப்புசாமியும் தலையாட்டினார்.

நதியா ஒரு வாய் போட்டார். மென்றுகொண்டே டப்பாவை மூடி, மறுபடி திறந்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினார். அவளும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வேணாங்க்கா" என்றார் நதியா. "இன்னைக்குத் தை மாசம், தாங்குது. சித்திரை வெயில்ல இது தாங்காது. பதினோரு மணிக்கே ஊசிப்போயி நூல் விட்டுரும்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

அக்கா டப்பாவிலிருந்து இன்னொரு வாய் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. விழுங்கிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"அம்மிணி வேண்டாங்குதுங்க" என்றார். எழுந்து, செல்போனில் லாரி டிரைவரைக் கூப்பிட்டார். "ஏனுங், மூட்டைய எறக்கீராதீங்க. அப்புடியே திருப்பிக் கொண்டுபோயிருங்க. ஆமாங்க, மொத்த லோடும்."

உள்ளே பெல் அடித்தது. பெண்கள் டப்பாக்களைக் குழாயடியில் அலசிக்கொண்டு ஓடினார்கள். தலைவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. அதை முழுக்கத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.